பொட்டல் என்று யார் சொன்னது?

திண்டுக்கல்லில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் அங்கே தங்குவதற்காக இறங்குவதில்லை. மலைக்கு பஸ் மாறுவதற்காகவே இறங்குகிறார்கள். கொடைக்கானலில் பனி இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஆகவே இயற்கையும் அங்கேதான் இருக்கிறதாம்! அவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்கள் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். கீழே கிடப்பது வெயிலும் பூட்டும் பிரியாணியும் மட்டுமே என்பது அவர்கள் தீர்மானம்.

இந்த மலைப் பைத்தியத்தோடு எனக்குச் சண்டை உண்டு.

திருச்சி சாலையில் வடமதுரை, அய்யலூர் பக்கம் இறங்கி, விடியற்காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். உடைமரம், வெள்வேல், கிளுவை, கள்ளி. நடுவே ஆடுகள் போட்டுக் கொடுத்த ஒற்றையடிப் பாதை. முள்ளுக்குள்ளிருந்து கௌதாரி மூன்று அசையில் கத்தும். கம்பியில் அழுக்குப் பழுப்பாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை சிறகை விரித்தால்தான் நீலம் தெரியும்; ஜவுளிக் கடைக்காரர் மடித்து வைத்த பட்டைச் சட்டென்று உதறியது போல. நீங்கள் வருவதை ஊருக்கெல்லாம் தெரிவிக்கிற பறவை ஆட்காட்டி. எவ்வளவு பொருத்தமான பெயர்! கூடு என்று அது ஒன்றும் கட்டுவதில்லை. வெறும் தரையில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். நான் ஒருமுறை அவற்றிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு ஐந்து நிமிஷம் தேடியிருக்கிறேன்.

இந்த நிலத்துக்குத்தான் நாம் 'பொட்டல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் வரிக் கணக்குக்காக நிலத்தைப் பிரித்தபோது, சாகுபடி இல்லாததைத் தரிசு என்று எழுதினான். அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு ஜாதி! 1947-ல் அவன் போனான். அவன் கணக்குப் பிள்ளையின் பாஷை போகவில்லை. சுதந்திர இந்தியாவின் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடு தரிசாகவே இடம்பெற்றிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதலாவது தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் இதே முட்காட்டில்தான்: கடவூரிலிருந்து வேடசந்தூர், நத்தம் வட்டங்கள் வரை 11,806 ஹெக்டேர். ஒல்லியான பையனைத் திட்டுவதற்கு மட்டுமே நமக்குப் பயன்பட்டு வந்த பிராணி அது. இரவெல்லாம் கிளைவிட்டுக் கிளை போய்ப் பூச்சி பிடித்துத் தின்று, விவசாயிக்குக் கூலியில்லாமல் உழைக்கிறது.

சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் முட்காட்டின் கதி என்ன? கல்லுடைப்பவர்களையும் மனை போடுபவர்களையும் நமக்குத் தெரியும். அவர்கள் தங்களை இயற்கையின் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. எனக்குப் பயமெல்லாம் நல்லவர்களிடம்தான். அவர்கள் கடப்பாரையும் கன்றுமாக வருகிறார்கள், போட்டோ பிடிக்கிறார்கள், பொட்டலைச் சோலையாக்குகிறார்கள். ஆட்காட்டியும் வானம்பாடியும் கௌதாரியும் தரையில் முட்டையிடுகிறவை. அவற்றுக்குத் திறந்த வெளி வேண்டும். மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து குளிர்காலத்தில் நம் சமவெளிகளுக்கு வரும் பூனைப்பருந்து, இரவில் புல்தரையிலேதான் படுக்கிறது. அதற்கு நாம் சோலை காட்டினால் என்ன செய்யும், பாவம்!

"மரம் நடுவது பாவமா, ஸார்?" என்று கேட்பீர்கள். சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களின் இடத்தில் நடுங்கள். உங்கள் தெருவில் நடுங்கள்; வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?

பறவை பார்க்கப் பாதை அமைக்கலாம் என்று இப்போது பல ஊர்களில் பேசுகிறார்கள். சந்தோஷம். ஆனால் பாதை என்றதும் நம்மவருக்கு வளைவும் சிமெண்ட் நடைமேடையும் சிமெண்ட் மயிலுமே மனக்கண்ணில் தோன்றுகின்றன. நிஜ மயில் பக்கத்து வயலில் கடலையைக் கொத்திக்கொண்டிருக்கும்போது இது எதற்கு? அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடலோரச் சிற்றூர்களைக் கோத்து 1990-களில் பறவைப் பாதை ஒன்று அமைத்தார்கள். முக்கியமாகச் செய்தது, பறவைகள் ஏற்கனவே இருந்த இடங்களுக்குப் பலகை வைத்து, தேச படம் அச்சிட்டதுதான்.

அய்யலூருக்கும் அது போதும். ஆட்டுப் பாதை அப்படியே இருக்கட்டும். அதன் முனையில் ஒரு பலகை. அதில் அந்த ஊர் ஆடு மேய்ப்பவர்கள் வழங்கும் பெயர்களிலேயே பறவைகளின் ஜாபிதா. கீழே, 'பங்குனி, சித்திரையில் தரையைப் பார்த்து நடக்கவும்' என்று ஒரு வரி. மரநடு விழாவுக்குப் போடுகிற பந்தல் வாடகைக்கு மேல் செலவாகாது.