முகவரியில் கேள்விக்குறி எதற்கு?

எளாவூரில் இறாலும் நண்டும் வாங்கி விற்கும் என் மைத்துனர், தொழிலுக்காக ஓர் இணைய தளம் அமைத்திருந்தார். பழவேற்காடு ஏரி நண்டு பற்றிய பக்கத்தைப் பார்க்க வேண்டும், முகவரி சொல் என்று போனில் கேட்டேன். "இண்டெக்ஸ் டாட் பிஎச்பி போடுங்க மாமா. அப்புறம் கேள்விக்குறி. கேட் சமம் 3. அப்புறம் அந்த 'அண்ட்' குறி. ஐடி சமம் 27..." என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்று முறை தப்பாக டைப் செய்துவிட்டு, விட்டுவிட்டேன்.

அந்த 27 என்ன தெரியுமா? தளத்தின் தகவல்களைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸில் அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த வரிசை எண். அது சர்வருக்குத் தேவை. நண்டு வாங்க வருபவருக்கு எதற்கு? டொமைன் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு 'பழவேற்காடு-நண்டு' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் போதும். உள்ளே சர்வர் அதை 27 என்று மாற்றிப் படித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருட்களில் பெர்மாலிங்க் என்ற பகுதிக்குப் போய் இதை அமைத்துக்கொள்ளலாம்.

இப்படி மாற்றினால் கூகுளில் முதலிடம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். ஒரு காலத்தில் 'ஐடி' என்ற சொல் வரும் முகவரிகளைச் சேர்ப்பதில்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருந்தது உண்மை. ஆனால் 2008-லேயே, கேள்விக்குறி உள்ள முகவரிகளை எங்களால் படிக்க முடியும், அரைகுறையாக மாற்றிக் கெடுக்காதீர்கள் என்று அதே கூகுள் சொல்லிவிட்டது. முகவரியில் உள்ள சொற்களுக்குத் தேடுபொறி தரும் மதிப்பு மிகச் சிறியது. என்னைக் கேட்டால், நல்ல முகவரி தேடுபொறிக்காக அல்ல, மனிதர்களுக்காக. போனில் சொல்ல வேண்டும், நோட்டீசில் அச்சிட வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்தவுடன் என்ன பக்கம் என்று புரிய வேண்டும்.

சொற்களுக்கு நடுவே சிறு கோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கட்டும். டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. அதற்குப் பின் வரும் பகுதியில் லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் வித்தியாசம் பார்க்கும்.

தமிழர்களுக்கு வரும் தொல்லை இனிமேல்தான். முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், தமிழ் விக்கிப்பீடியா அப்படித்தான் செய்கிறது. பிரவுசரின் மேலே அழகாகத் தமிழில் தெரியும். அதையே காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் பல சமயம் % குறிகளின் ஊர்வலமாகிவிடும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று எழுத்தாக மாறும். ஆக, ஒன்றுக்கு ஒன்பது. காலும் புள்ளியும்கூடத் தனிக் கணக்கு. 'எளாவூர்' என்ற சின்னப் பெயர் 63 எழுத்தாகிவிடும், 'பழவேற்காடு' 90! வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கும் இடமே 200தான். 22 குறியீடுகளோடு தலைப்பு வெட்டுப்படும். பிளாக்கரோ தமிழ்த் தலைப்பைக் கண்டுகொள்ளாமல் 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப் பெயரைப் போட்டு, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். நாமே பெயர் வைக்கும் வசதி அங்கே 2012-ல்தான் வந்தது. அதற்கு முன் பலரும் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டுவிட்டு, பிறகு தலைப்பை மட்டும் தமிழுக்கு மாற்றுவார்கள்.

சரி, ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்றால் எந்த எழுத்துக்கூட்டல்? எளாவூருக்கு ஒரு 'எல்' போடுவதா, இரண்டா? கடைசியில் 'யு' வருமா, இரண்டு 'ஓ' வருமா? பழவேற்காட்டின் 'ழ'வுக்கு 'இசட்எச்' என்பவர்களும் உண்டு, 'எல்' போதும் என்பவர்களும் உண்டு. வெளியூர்க்காரர்களோ 'புலிகாட்' என்றுதான் தேடுகிறார்கள். அரசாங்கத்துக்கே இது லேசான காரியமாக இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை வெளியானது. எழுத்துக்கூட்டல்களைப் பற்றி எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

என் யோசனை இது. வாங்குபவர் எப்படி டைப் செய்வாரோ அதை முகவரியில் வையுங்கள். மற்ற வடிவங்களும் நல்ல தமிழும் பக்கத்தின் தலைப்பிலும் உள்ளேயும் வரட்டும். தேடுபொறி அங்கேதான் அதிகம் படிக்கிறது. எல்லா வடிவத்தையும் முகவரியில் அடைப்பது, கடைப் பலகையில் விலைப்பட்டியலையே எழுதுவது மாதிரி.

எதை வைத்தாலும் பிறகு மாற்றாதீர்கள். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். நான் அதைப் படித்தவன்தான். இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மைத்துனரின் தளத்தில் எல்லா முகவரிகளையும் உற்சாகமாக மாற்றினேன். அவர் ஏற்கெனவே ஓட்டல்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பழைய முகவரிகள் எல்லாம் 404 காட்டின. "நண்டு வியாபாரத்தை நிறுத்திட்டீங்களா?" என்று ஒருவர் போன் செய்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்ற ஏற்பாட்டை முதலில் செய்திருக்க வேண்டும். அன்று இரவு 40 பக்கங்களுக்கும் ஒவ்வொன்றாகச் செய்தேன். மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்: ஐடி சமம் 27, ஐடி சமம் 28...