தனுஷ்கோடிப் பாதையின் மாதிரி

புகைவண்டி மாதிரி அமைக்க விழையும் நண்பர் பலரும் முதலில் கடைக்குச் சென்று என்ஜின் ஒன்றை வாங்குகின்றனர். பிறகே எந்த ஊரின் பாதையை அமைப்பது என்று சிந்திக்கின்றனர். விளையாட்டுக்கு இம்முறை போதும். சரித்திரத்தைக் காட்ட முயல்வோர்க்கு இது முற்றும் பொருந்தாது. இடமும் ஆண்டும் முன்னர் வரவேண்டும்; அளவு விகிதமும் பாதை வரைபடமும் அவற்றின் வழியே வரவேண்டும் என்பது எம் துணிபு.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாதையை எடுத்துக்கொள்வோம். பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்றது. அதற்கு முன் இலங்கை செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். பாலம் வந்தபின் போட் மெயில் கடலைக் கடந்து தனுஷ்கோடித் துறைவரை ஓடிற்று. பயணிகள் ஆங்கே இறங்கி நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் அவ்வூரையும் பாதையையும் ஒருங்கே அழித்தது. பாலத்தின் மீட்டர் பாதையும் 2007-இல் அகலப்பாதையாயிற்று. 2025-இல் புதிய பாலம் திறக்கப்பெற்றது. எனவே அக்காட்சியை இனி எவரும் நேரில் காண்பதற்கில்லை. அவ்வண்டியில் சென்ற முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். மாதிரி பொய்யாயின் அவர்கள் கண் அதை நொடியில் கண்டுவிடும்.

இனி அளவு விகிதத்துக்கு வருவோம். கடைகளில் எளிதிற் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். 1:87 விகிதத்தில் இது 1435 மில்லிமீட்டர் அகலத்தைக் குறிக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காயுள்ள அகலம் அது. நம் பாதையோ சரியாக 1000 மில்லிமீட்டர். மேலே பெட்டிகளுக்கு எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் தீட்டினும், கீழே தண்டவாளம் வேறொரு நாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதே விகிதத்தில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இட்டால் 1044 ஆகின்றது. இவ்வேற்றுமையைக் கண் பொறுக்கும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதைகளை மாதிரி செய்வோர்க்காக இத்தண்டவாளம் விற்கப்படுகின்றது. என்ஜினையும் பெட்டிகளையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது உண்மைதான். அவ்வுழைப்புக்கு அஞ்சுவோர் வேறு பாதையைத் தேர்க.

1:160 விகிதமாயின் பாலம் முழுவதையும் அமைக்கலாமே என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2065 மீட்டர். 1:160-இல் அது 13 மீட்டராகும். 1:87-இல் 24 மீட்டருக்குச் சிறிது குறையும். எவர் வீட்டு அறையும் இரண்டுக்கும் போதாது. அன்றியும், 1:160-இல் மீட்டர் பாதைக்கு 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அத்துணைச் சிறு சக்கரங்களின்மேல் கைவேலையால் ஓர் என்ஜினை ஓட்டுதல் எளிதன்று. எப்படியும் பாலத்தைக் குறைத்தே ஆகவேண்டுமெனில், நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் விகிதத்திற் குறைப்பதே முறை. 40 அடிக் கண் ஒன்று 1:87-இல் 14 சென்டிமீட்டர். கப்பல் செல்ல இரு புறமும் தூக்கித் திறக்கும் நடுப்பகுதி ஏறக்குறைய முக்கால் மீட்டர். அதன் இரு பக்கத்தும் ஆறாறு கண்கள் வைத்தால் மொத்தம் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். நூற்று நாற்பத்தைந்து கண்களையும் எண்ணிப் பார்க்க எவரும் வருவதில்லை.

வரைபடத்தில் பலரும் செய்யும் பெரும்பிழை வட்டப்பாதை. வண்டி நில்லாமற் சுற்றும், சிறுவர் மகிழ்வர். ஆனால் தனுஷ்கோடிப் பாதையின் பொருளே அது கடலில் முடிந்தது என்பதன்றோ? வண்டி வந்து நிற்கவேண்டும்; கப்பலின் பக்கம் மக்கள் நடக்கவேண்டும்; என்ஜின் கழன்று பக்கத்தடம் வழியாக மறுமுனைக்கு வரவேண்டும். ஆகவே ஒரு சுவரில் பாலம், மூலையில் பாம்பன் சந்திப்பு, அடுத்த சுவரில் தனுஷ்கோடித் துறை என அமைப்பதே தக்கது. பாம்பனில் பிரிந்து இராமேசுவரம் செல்லும் பாதையைத் திரைக்குப் பின்னே கொண்டுசென்று, வண்டிகளை நிறுத்திவைக்கும் இடமாக்கலாம். 60 அடிப் பெட்டி ஒன்று 21 சென்டிமீட்டர் ஆவதால், ஆறு பெட்டியும் என்ஜினும் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். துறைத் தடத்தை அதற்குக் குறையாமல் விடுக. நிலையத்தில் தடங்களை மேன்மேலும் நெருக்கி நிரப்பும் ஆசையையும் அடக்கவேண்டும்; அவ்வூரிற் பெரும்பகுதி மணலே.

ஆண்டையும் முடிவு செய்க. 1938 எனக் கொண்டால் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் காலம். 1944-இல்தான் அரசு அதனை ஏற்றது. அக்காட்சியில் ஒய்.பி. வகை என்ஜின் தோன்றக்கூடாது. அது 1949-க்குப் பின் வந்தது. புயல் இரவில் பயணிகளோடு கடல் கொண்ட வண்டியைக் காட்டினால் கூட்டம் சேரும் என்று ஒருவர் சொல்லக் கேட்டோம். பிறர் சாவைப் பலகையின்மேல் விளையாட்டுப் பொருளாக வைப்பதை யாம் ஒருபோதும் ஒப்போம்.

எதிர்க்கரையில் தலைமன்னாரையும் அமைக்க விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க. இலங்கையின் பாதை ஐந்தரை அடி அகலமுடையது. 1:87-இல் அதற்கு 19 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். நம் வண்டி அங்கே ஓடாது, அன்றும் ஓடவில்லை. கப்பலொன்றைத் துறையில் நிறுத்திவிட்டு, அதற்கப்பால் சுவருக்கு நீலம் பூசினாற் போதும்.