தடயவியல் படிக்க ஆசையா?



பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் நமக்கு வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. மகள் தடயவியல் படிக்க ஆசைப்படுகிறாள், கொலை, பிணம் என்று பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அனுப்பலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால், அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். அந்த வழிக்கு எம்.பி.பி.எஸ். முடித்து, தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். தடய அறிவியலாளரின் இடம் பெரும்பாலும் ஆய்வுக்கூடம். அவர் மேசைக்கு வருபவை முத்திரையிட்ட பொட்டலங்களும் சீசாக்களும்தான்.

ஒருவர் விஷம் குடித்து இறந்ததாகச் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் இவற்றின் பகுதிகள் பெரும்பாலும் செறிவான உப்புக் கரைசலில் மூழ்கி வந்து சேரும். கூடவே, அந்த உப்புக் கரைசல் மட்டும் கொஞ்சம் தனிச் சீசாவில் வரும். விஷம் உடலில் இருந்ததா, கரைசலில் இருந்ததா என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாதே! அரளி விதையா, பூச்சிமருந்தா என்று தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டையில் ஒரு பழுப்புக் கறை. பஞ்சில் தொட்டெடுத்து, ஃபினாஃப்தலினில் இருந்து தயாரித்த திரவத்தில் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் பஞ்சு இளஞ்சிவப்பாகிறது. சினிமாவில் இத்தோடு ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில், ‘ரத்தமாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் எழுத முடியாது. ஏனென்றால் சில காய்கறிகளின் சாறுகூட அதே நிறத்தைக் காட்டிவிடும். ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. அந்தச் சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பியிருந்தால், பூஞ்சை பிடித்து டி.என்.ஏ.வும் கெட்டிருக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும் என்பது எத்தனை சின்ன விஷயம்! ஒரு வழக்கே அதில் நிற்கிறது.

இந்தத் துறையில் நமக்குப் பழைய உரிமை உண்டு. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் வயர்களையும் கொண்டு, ஒரு பெண் உடலில் கட்டியிருந்த வெடிகுண்டுப் பட்டையின் அமைப்பை மீட்டெடுத்துக் காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன். 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

சரி, எப்படிச் சேர்வது? பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். இளநிலையிலேயே தடயவியல் பட்டம் தரும் கல்லூரிகள் பெருகிவிட்டன. என் அபிப்பிராயம் வேறு. முதலில் வேதியியல், இயற்பியல், உயிரியல் என ஏதாவது ஓர் அடிப்படை அறிவியலில் ஆழமாகப் படியுங்கள். எம்.எஸ்சி.யில் தடயவியலுக்கு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் பிரிவுகளே அப்படித்தான் பிரிந்திருக்கின்றன; வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பெரும்பாலும் அடிப்படைப் பாடத்தையே பார்க்கிறார்கள். கணினி படித்தவர்களுக்குச் செல்போனையும் ஹார்டு டிஸ்க்கையும் ஆராயும் பிரிவு இருக்கிறது. குஜராத்தில் 2009-இல் தொடங்கி, 2020-இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்ந்த காந்திநகர் நிறுவனம் தடயவியலுக்கென்றே இருப்பது. நம் மாநிலத்தில் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளைப் பாருங்கள். ஹைதராபாத், சண்டிகர், கொல்கத்தா போன்ற இடங்களில் உள்ள மத்திய ஆய்வுக்கூடங்களின் அதிகாரி பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்புகளைப் பாருங்கள். கல்லூரியில் சேரும் முன் ஒருமுறை நேரில் போய், கருவிகள் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பிணத்தைப் பார்க்கும் துணிச்சலைவிட, கூண்டில் நிற்கும் துணிச்சல்தான் இங்கே அதிகம் தேவை. அறிக்கை கொடுத்தவரை நீதிமன்றம் அழைக்கலாம்; வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் குடைந்தெடுப்பார். ‘இதற்கு மேல் இந்தத் தடயத்தை வைத்துச் சொல்ல முடியாது’ என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். போலீசார் பிடித்த ஆள் நிரபராதி என்று சோதனை காட்டினால், அதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். பொறுமையும் நேர்மையும் உள்ள பெண்பிள்ளைகளை இந்த வேலைக்கு வேண்டாம் என்று தடுக்காதீர்கள், அம்மா.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். சட்டம் எழுதினால் போதாது, ஆள் வேண்டும். படித்துவிட்டு வருகிற பிள்ளைகளைக் காக்க வைக்காமல், ஆண்டுதோறும் தேர்வு நடத்திப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்