சிப்பாய் வரிசைக்கு அப்பால்

இராணுவத்தில் சேர விரும்புகிறேன் என்று நான் கூறியதும் என் தந்தையார் கேட்ட முதற் கேள்வி, "எந்த ஊரில் ஆள் எடுக்கிறார்கள்?" என்பதே. விடியற்காலையில் மைதானத்தில் ஓடி, மார்பளவு காட்டி, வரிசையில் நிற்பதுதான் எங்கள் ஊர் அறிந்த பட்டாளம். பட்டதாரிக்கு வேறொரு வாசலும் உண்டு என்பதைத் தேசிய மாணவர் படையில் சேரும்வரை நானும் அறியேன்.

மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை நடத்துகிறது. 1963-இல் தொடங்கிய சென்னைப் பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்திற்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டே தாள்கள். மாணவர் படையின் 'சி' சான்றிதழும் உரிய மதிப்பெண்ணும் உடையோர் எழுத்துத் தேர்வின்றியே விண்ணப்பிக்கலாம். அதன்பின் தேர்வு வாரியம். அங்கே தேறி, மருத்துவச் சோதனையும் கடந்து, 49 வாரப் பயிற்சி முடித்தால் லெப்டினன்ட்.

தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் சோதனை. முதல் நாளிலேயே பலர் ஊர் திரும்புவர். எஞ்சியோரை உளவியலறிஞர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே எடைபோட்டு, இறுதி நாளில் கூடி முடிவெடுப்பர். ஒருவருடைய விருப்பு வெறுப்பு மட்டுமே முடிவாகிவிடாத நல்ல முறை இது என்பேன்.

ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒரு சோதனையில் 60 சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் நம்மவன் பாதி நேரத்தை மொழிபெயர்ப்பிலேயே இழக்கிறான். துணிவில் குறைவில்லாதவன் மொழியால் பின்தங்குவது முறையா? வெளி மைதானத்திலோ கதை வேறு. கயிறு, பலகை கொடுத்துத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். தலைவன் என்று எவரையும் நியமிக்க மாட்டார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கிய கிராமத்துப் பிள்ளைக்கு இதைக் கற்றுத்தர வேண்டுமா என்ன!

நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வங்கித் தேர்வு விளம்பரங்களுக்குக் குறைவில்லை. இத்தேர்வின் அறிவிப்பை நான் ஒருமுறைகூட அங்கே கண்டதில்லை. அதை ஒட்டுவதற்கு ஒரு குண்டூசி போதும். ஆங்கிலத் துறை ஆசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு மணி நேரம் எங்களை ஆங்கிலத்தில் விவாதிக்க வைக்க மனம் கொள்ள வேண்டும். இடத்திற்குக் கவலையில்லை. மாலை மணி அடித்தபின் இயற்பியல் விரிவுரைக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது.