பக்கத்துத் தெருவைப் படிக்காதவர்கள்

சித்தூர், திருப்பதி, நகரி, புத்தூர், குப்பம் என்று இந்தப் பக்கம் இருக்கிற தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பெங்களூரா மாங்காய் இந்த வருஷம் என்ன விலை போகிறது, மலையில் கூட்டம் எப்படி, பையனுக்கு எங்கே வேலை, வேலூரில் எந்த டாக்டரைப் பார்க்கலாம், எல்லாம் வரும். "இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" என்ற கேள்வி மட்டும் வராது. யாராவது கேட்டுவிட்டால், பழைய கடன் பாக்கியைக் கேட்டது போல எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது.

இதற்கு டிவியைக் குற்றம் சொன்னோம், பிறகு செல்போனைச் சொன்னோம். மாநிலம் பிரிந்ததால்தான் தமிழ் போயிற்று என்று அதற்கும் முன்பே சொல்லிவிட்டோம். நம் பங்கை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் வரும் 'நாம்' என்ற சொல்லிலிருந்து யாரையும் கழிக்கவில்லை. தமிழ்ச் சங்கங்களில் மேடையேறுகிறவர்களும், மார்கழியில் திருப்பாவை சொல்லும் வீடுகளும், பத்திரிகை வாங்கும் கடைசித் தலைமுறையும் இதற்குள் அடக்கம்.

ஒரு காலத்தில் இங்கே புத்தகம் வீடு விட்டு வீடு நடந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, தடிமனான நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு பைண்டு செய்து வைப்பார்கள். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் பாதி அறுந்த ஒரு ஜோக்கோ கூந்தல் தைல விளம்பரமோ இருக்கும். முதல் தாளில் மசிப் பேனாவால் வீட்டுக்காரர் பெயர், அதற்குக் கீழே 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்'. கல்கியும் லட்சுமியும் ஜெயகாந்தனும் சிவசங்கரியும் இந்தப் பக்கத்துச் சமையலறைகளுக்குள் போனது அந்த பைண்டு புத்தகங்களாகத்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பெண் அவனைக் கல்யாணம் செய்திருக்கலாமா கூடாதா என்று வாதாடிவிட்டுத்தான் போவார். அந்த அரை மணி நேரத்தைத்தான் நாம் இழந்தோம். பைண்டு புத்தகங்கள் போனது பெரிய நஷ்டம் இல்லை. பதிப்பகங்கள் அவற்றை மறுபடி அச்சிட்டுவிட்டன.

தான் படித்ததை இன்னொருவருக்குச் சொல்வது ஒரு கடமை என்று நினைத்தவர்கள் தமிழ், தெலுங்கு இரண்டு மொழியிலும் இருந்தார்கள். க.நா.சுப்ரமண்யம் 1950களில் தமிழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அறிமுகப்படுத்தி எழுதினார். தொகுப்புக்கு அவர் வைத்த பெயரே ஒரு கேள்வி: 'படித்திருக்கிறீர்களா?' தெலுங்கில் மாலதி சந்தூர் 'ஸ்வாதி' மாத இதழில் 'பாத கெரடாலு' என்ற பகுதியில் உலக நாவல்களைக் கதையாகவே சொல்லிக்கொண்டு போனார். தெலுங்கு வீட்டுப் பெண்கள் பலருக்கு டால்ஸ்டாயும் டிக்கன்ஸும் அறிமுகமானது அப்படித்தான். அவர் சென்னையில் இருந்துகொண்டு தெலுங்குக்காரர்களுக்கு எழுதியவர். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவரும் அவரே. சென்னையில் ஒரு தெலுங்குப் பெண்மணி செய்த வேலையை, சித்தூரில் இருக்கிற தமிழர்களான நாம் எதிர்த்திசையில் செய்திருக்கலாம். இரண்டு மொழியும் காதில் விழுந்துகொண்டே வளர்ந்தவர்கள் நாம். நம்மைவிடத் தகுதியானவர்கள் யார் இருந்தார்கள்?

நமக்கு எல்லைப் பேச்சு நன்றாக வரும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வடக்கு எல்லையாகச் சொல்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வார். 1911 வரை சித்தூர்தான் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் என்பதைச் சொல்வோம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. நடத்திய போராட்டத்தையும், 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததையும், திருப்பதி இங்கேயே நின்றுவிட்டதையும் நேற்று நடந்தது போலச் சொல்வோம். அந்தப் போராட்டத்தில் சிறை போனவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் மலையைக் கேட்டார்கள். மலையின் சுவரில் இருப்பதை நாம் படிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. பல்லவ குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி செய்து கொடுத்ததும், யார் யார் எந்த ஊர் நிலத்தை விட்டார்கள், அந்த வருமானத்தில் எத்தனை தளிகை, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. சாது சுப்ரமண்ய சாஸ்திரி போன்றவர்கள் உழைத்து, 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இன்று இணையத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். அவற்றில் ஒரு தொகுதியையாவது முழுதாகப் புரட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? லட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நமக்கு, லட்டுக்கு முன்னால் அந்த மடைப்பள்ளியில் என்னென்ன ஆகின என்பதைத் தமிழிலேயே எழுதிவைத்தும் படிக்கத் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய புறக்கணிப்பு ஒன்று இருக்கிறது. நம்மைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்த தெலுங்கு எழுத்தாளர்களை நாம் கண்டுகொள்ளவே இல்லை.

மதுராந்தகம் ராஜாராம் இந்த மாவட்டத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நூற்றுக்கணக்கில் சிறுகதை எழுதியவர். ஊர் வாத்தியாரும் சிறு விவசாயியும் கடன்காரரும் கூத்துக்காரரும் நடமாடும் கதைகள். 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் மகன் மதுராந்தகம் நரேந்திரா திருப்பதியில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். தேவதாசிக் குடும்பங்களைப் பற்றிய 'மனோதர்ம பராகம்' நாவலுக்காக 2022இல் அதே விருது அவருக்கும் வந்தது. அப்பாவும் பிள்ளையும் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய வீடு நாட்டில் எத்தனை இருக்கும்? ராஜாராம் 1999இல் மறைந்தார். அதுவரை ஒரு நல்ல கதைக்காரர் நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருந்தார். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

சித்தூர் கட்டமஞ்சி ஏரிக்கரை வழியே போகாதவர் இல்லை. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி 1914இல் வெளியிட்ட 'கவித்வ தத்வ விசாரமு' தெலுங்குத் திறனாய்வுக்கே புது வழி காட்டியது என்பார்கள். நமக்கு அவர் ஒரு சிலை, ஒரு கல்லூரிக் கட்டடத்தின் பெயர்ப் பலகை. அவ்வளவோடு விட்டுவிட்டோம்.

நாமினி சுப்ரமண்யம் நாயுடுவைப் படிக்காததுதான் என் கணக்கில் மிகப் பெரிய குறை. திருப்பதிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைப் பருவத்தை, 'சினப்ப கதலு', 'மிட்டூரோடி புஸ்தகம்' என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். பாடப்புத்தகத் தெலுங்கு அதில் கிடையாது. நம் சந்தையில், பஸ் ஸ்டாண்டில், பால் சொசைட்டி வாசலில் கேட்கிற அதே தெலுங்கு. வாயில் வசவும் கையில் சோறுமாக நிற்கிற அம்மா, மழையை நம்பிக் கெட்ட நிலம், மாடு கன்று. கோதாவரிக் கரைத் தெலுங்கர் அதைப் படித்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்களுக்கு நிற்க வேண்டும். நாம் நிற்க வேண்டியதில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து கிடக்கிற அந்தப் பேச்சு நம் வீட்டுப் பேச்சு.

கி.ராஜநாராயணனை நாம் கொண்டாடுகிறோம். கரிசல் மண்ணின் பேச்சை எழுத்தில் ஏற்றியவர், வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தவர், 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காக 1991இல் அகாதெமி விருது பெற்றவர் என்று மேடை போட்டுச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து தமிழில் எழுதிய அந்த மனிதரைச் சரியாக அடையாளம் கண்டுகொண்ட நமக்கு, தமிழ் கலந்த தெலுங்கில் நம் மண்ணையே எழுதிய ஒருவரை அடையாளம் தெரியாமல் போனது எப்படி? ஆண்டுதோறும் ஜனவரியில் ரயிலேறிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வருகிறோம். திருப்பதி விசாலாந்திரா புத்தகக் கடை வாசலில் செருப்பைக்கூட விடாமல் தாண்டிப் போகிறோம். தெலுங்கில் நாம் சினிமா பார்க்கிறோம், வியாபாரம் செய்கிறோம், சண்டை போடுகிறோம். படிப்பது மட்டும் கிடையாது.

துளசிதளம் படித்தோமே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். எண்டமூரி வீரேந்திரநாத்தின் நாவல்களைச் சுசீலா கனகதுர்கா தமிழாக்கித் தர, ஒரு தலைமுறை இரவு தூங்காமல் படித்தது. இன்னொரு தெலுங்கு எழுத்தாளரான ஓல்காவைக் கௌரி கிருபானந்தன் தமிழுக்குக் கொண்டுவந்தார். அப்படி வந்த 'மீட்சி'க்கு அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. எதைச் செய்தாலும் யாரோ ஓரிருவர் தனியாகச் செய்தார்கள். கையில் வந்தபோது படித்தோம், தேடிப் போகவில்லை. நம் ஊர்க் கதையைத் தமிழாக்கித் தாருங்கள் என்று எந்தப் பதிப்பாளருக்கும் நாம் ஒரு கார்டு போட்டதில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இங்கே எத்தனையோ தமிழ் வீடுகளில் பேத்தி பாட்டியோடு சரளமாகத் தமிழ் பேசுகிறாள். தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும்தான் படித்தாள். பாட்டி தமிழ் மீடியத்தில் படித்தவர். தெலுங்கில் பேசி ஊரையே ஆளுவார், தெலுங்கு எழுத்து கூட்டத் தெரியாது. ஆக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மொழியும் அறிந்த இரண்டு பேர், ஆளுக்குப் பாதி எழுத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியில் சொல்லித்தரவில்லை என்று நாம் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினோம். மனு எழுதியது சரி. அந்த ஆண்டுகளில் சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி வீட்டில் உயிரெழுத்து சொல்லிக்கொடுக்க யார் தடுத்தார்கள்? ஒருவரும் தடுக்கவில்லை.

நூலகத்திலும் இதே கதைதான். ஆந்திரத்தில் வீட்டுவரியில் ரூபாய்க்கு 8 காசு நூலகத்துக்கென்று சேர்த்துக் கட்டுகிறோம். கட்டிய பணத்துக்கு என்ன கேட்டோம்? எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு எழுதும் பழக்கம் நமக்கு இல்லை. தமிழ் அலமாரியில் எடுத்துப் போக ஆள் இல்லாத புத்தகங்களின் கடைசித் தாளைப் பார்த்தால், தேதி முத்திரைகள் ஏதோ ஒரு வருஷத்தோடு நின்றுபோயிருக்கின்றன. படிக்க ஆளில்லாத மொழிக்குப் புதுப் புத்தகம் வாங்கவில்லை என்று நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொதுநூலகம் ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிக்க அழைத்தது. நான்சி பேர்ல் என்ற நூலகர் முன்நின்ற அந்த ஏற்பாடு பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சித்தூருக்கு அது கஷ்டமான காரியம் இல்லை. ஒரு தெருவில் நான்கு வீடு சேர்ந்தால் போதும். ஒரு மாதம் ராஜாராமின் ஒரு கதை, அடுத்த மாதம் தமிழில் ஒரு கதை. அச்சுப் புத்தகம் ஒன்றிருந்தால் நான்கு வீட்டுக்கும் போகும், முன்பு போன மாதிரியே.

படிக்கத் தெரியாது என்ற காரணமும் இங்கே செல்லாது. தெலுங்குக் கதையைப் பேத்தி உரக்கப் படிக்கட்டும். பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், பேத்திக்குத் தெரியாத பழைய சொல்லுக்குப் பாட்டியே அர்த்தமும் சொல்வார். தமிழ்க் கதையைப் பாட்டி படிக்கட்டும், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். முதலில் நாமினி என்று நான் சொல்வேன். அதில் வரும் வசவுகளைப் பேத்தி வாய்விட்டுப் படிக்கும்போது பாட்டி சிரிக்காமல் இருக்க முடியாது. ராஜாராமில் எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம் என்பதைத் தெலுங்கு படித்த நண்பர்கள் சொல்லுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், நாற்காலி காலியாக இருக்கும். இந்த முறை போவோம். கையில் பத்துப் புத்தகத்தின் பெயர் எழுதிய தாள் இருக்கட்டும், ஐந்து தமிழ், ஐந்து தெலுங்கு.