படைக்கருவி ஆய்வும் பைந்தமிழும்

உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பதைக் கடலூர்க் கரையில் வாழ்வார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வறிவுக்கே அளவும் முறையும் வகுத்தால் அது படைக்கருவி உறுப்புகளின் சூழலாய்வு ஆகிறது. நூற்றுக்கு 5 பங்கு உப்பு கரைந்த நீரை, 35 பாகை செல்சியசு வெப்பத்தில் மூடுபனிபோல் தெளித்து, உறுப்பு துருவேறுகிறதா என்று பார்ப்பது அதில் ஒரு வகை. வெம்மை, குளிர், ஈரம், புழுதி ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆய்வுகள் உள.

இவற்றினும் நுண்ணியவை இரண்டு. படையூர்தி ஓடுங்கால் மணிக்கணக்கில் நீண்டு, உறுப்பைச் சிறுகச் சிறுகத் தளர்த்துவது அதிர்வு. குண்டு வெடிக்குங்கால் நொடியின் நூற்றிலொரு பங்கில் வந்துபோய், பற்றாசைப் பிளப்பது தாக்கதிர்ச்சி. முன்னதைத் தாங்கிய உறுப்பு பின்னதில் உடையலாம். ஆயின் இரண்டையும் ‘அதிர்வு’ என்றே எழுதுவார் உளர். ‘சாக்’ என்னும் அயற்சொல்லோ தொழிலாளிக்கு மின்னடியையே நினைவூட்டும். சொல் மயங்கினால் ஆய்வும் மயங்கும். ஆய்வு மயங்கினால் களத்தில் நிற்பவன் உயிர் போகும்.

ஆவடியில் கனவூர்தித் தொழிலகம் 1961-இல் அமைந்தது. சென்னை, திருச்சிராப்பள்ளி, கோவை, சேலம், ஓசூர் ஆகியவற்றை இணைக்கும் படைத்துறைத் தொழில் தடம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் அமைக்க 400 கோடி உருபா மதிப்பில் நடுவணரசு 2020-இல் திட்டம் வகுத்தது. கூடங்கள் பெருகட்டும், நன்றே. ஆனால், முப்படைக்கும் பொதுவாகிய 55555 எனும் எண்ணுடைய ஆய்வு நெறிமுறை ஆங்கிலத்தில் உள்ளது. பொறியை இயக்கும் கையோ தமிழன் கை!

“இரும்புக்கு மொழி ஏது?” என்பார் சிலர். இரும்புக்கு இல்லை, அதை ஆய்பவனுக்கு உண்டு. உருசியர் தம் தரநெறிகளை உருசிய மொழியில்தான் வகுத்துக்கொண்டனர். அதனால் அவர்தம் படைக்கருவி வலிமை குன்றிற்றா? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் எந்திரப் பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியதே, தமிழால் இயலும் என்பதற்குச் சான்று.

எனவே, அந்நெறிமுறை முழுவதும் தமிழில் பெயர்க்கப்படல் வேண்டும். ஒவ்வோர் ஆய்வுக்கும் மயக்கமற்ற ஒரு சொல் வேண்டும். திருகாணி சற்றே தளர்ந்ததையும் மெல்லிய ஓசை எழுந்ததையும் முதலில் அறிபவன் பொறியருகே நிற்கும் தொழிலாளியே. அவன் கண்டதைத் தன் மொழியிலேயே எழுதிக் கையொப்பமிடும் உரிமை வேண்டும். அண்ணாகிராமத்துத் தொழிற்பள்ளி மாணவன் ஓசூர்க்குச் செல்லுங்கால் வெறுங்கையாளாகச் செல்லாமல், பொருளறிந்த ஆய்வாளனாகச் செல்லட்டும். தமிழர் இதனைக் கேட்டுப் பெறுவாராக!