இணைந்தது யார், அலைவது யார்?

2020 ஏப்ரல் 1. இங்கே 10 பொதுத்துறை வங்கிகளை 4 ஆக்கிய நாள். அதே நாளில் அமெரிக்காவில் டி-மொபைல், ஸ்பிரிண்ட்டை விழுங்கியது. நான் வங்கிக் குமாஸ்தா. இணைப்பு என்றால் என்னவென்று கவுண்டரில் உட்கார்ந்து படித்தவன். "பழைய செக் இனி செல்லாதும்மா, புதுசு வாங்கிட்டு வாங்க." சொன்ன வாய் என்னுடையது. அலைந்த கால் அந்தம்மாவுடையது.

அங்கேயும் அதுதான் நடந்தது. ஸ்பிரிண்ட்டின் பழைய சிடிஎம்ஏ வலையை 2022 ஜனவரி 1இல் மூடுவதாக டி-மொபைல் நாள் குறித்தது. அதை நம்பியிருந்த போன்கள் செத்துப்போகும். ஸ்பிரிண்ட்டின் மலிவு பிரீபெய்டு சேவையான பூஸ்ட்டை, சுமார் 90 லட்சம் வாடிக்கையாளர்களோடு, 2020 ஜூலையில் 140 கோடி டாலருக்கு டிஷ் கம்பெனிக்குக் கைமாற்றியிருந்தார்கள். போட்டியைக் காப்பாற்றுகிறார்களாம்! ஆட்களை விற்றார்கள், அவர்கள் பேசிய வலைக்கு நாள் குறிக்கும் அதிகாரத்தை விற்கவில்லை. டிஷ் கத்தியது. நீதித்துறை 2021இல் கவலை தெரிவித்தது. கிடைத்தது மூன்றே மாதம்: 2022 மார்ச் 31.

"இலவசமா போன் குடுத்தாங்களே?" என்பீர்கள். பலருக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கப் போகும் நாளின் கூலியை யார் கொடுத்தது?

தோழர்களே, இங்கேயும் 2ஜியை மூடச் சொல்லும் குரல் கிளம்பியாயிற்று. என் கவுண்டரில் ஓடிபி இன்றும் பட்டன் போனுக்குத்தான் வருகிறது. அதை வைத்திருப்பவரைக் கேட்காமல் எவனய்யா நாள் குறிப்பது?